பல் கம்பி குத்தினால், கழன்றால், உடைந்தால்: எதை வீட்டிலேயே சமாளிக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருக்கும் பிள்ளைக்குப் பேராதனை பல் வைத்தியசாலையில் கம்பி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பி குத்துகிறது என்று காட்டப் போனால் ஒரு நாள் முழுதும் போய்விடும். விடிய முன் ஹற்றனுக்கு இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து, வரிசையில் இருந்து, இருட்டிய பிறகு லயத்துக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைக்குப் பாடசாலை இல்லை, கூடப் போன அம்மாவுக்கு அன்றைய பேரும், அதாவது நாட்சம்பளமும், விழாது. பல் கம்பியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பயணம் அன்றைக்கே தேவையில்லை. பத்து நிமிடத்தில் வீட்டில் அடக்கிவிட்டு, போனில் சொல்லி, கிளினிக் தரும் நாளில் போனால் போதும். ஆனால் ஒரு சில கோளாறுகளுக்கு விடியும் வரைகூடப் பொறுக்கக் கூடாது. அந்தச் சிலதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இவை என்றால் நேரே வைத்தியசாலை

உடைந்த துண்டு தொண்டைக்குள் போய் மூச்சுத் திணறல், விடாத இருமல் அல்லது மூச்சில் விசில் சத்தம் வந்தால். முகம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், வீக்கம் கண்ணுக்கோ தாடைக்குக் கீழோ பரவினால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டால். பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் வாயில் இரத்தம் நிற்காவிட்டால். நிரந்தரப் பல் அடிபட்டு வெளியே வந்துவிட்டால் அல்லது இடம் மாறி நின்றால். தலைக்கு வெளியே பட்டி கட்டிப் போடும் கருவியின் கம்பி கண்ணில் பட்டால், வலி குறைவாக இருந்தாலும் போக வேண்டும். வாயிலுள்ள கிருமி அந்தக் கம்பியோடு கண்ணுக்குள் போனால் பார்வையே போகலாம்.

இவற்றில் எதற்கும் கம்பி போட்ட கிளினிக்கைத் தேடி ஓட வேண்டாம். மிக அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ பரவும் வீக்கமோ என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. வண்டி உங்கள் லயம் வரை ஏறி வர முடியாத பாதை என்றால், எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்பதை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஒரு சின்ன டப்பா

கம்பிக்குப் பூசும் மெழுகு, சிறிய கண்ணாடி, நுனி மெல்லிய சாமணம், இயர்பட்ஸ், பல்லிடுக்கில் விடும் குட்டி பிரஷ், பின்பக்கத்தில் அழிறப்பர் உள்ள புதுப் பென்சில், கூரான நகவெட்டி, பனடோல். மெழுகை கிளினிக்கிலேயே கேட்டு வாங்குங்கள். சிறு நகரத்து மருந்துக்கடைகளில் அது எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. எதைத் தொடுவதற்கு முன்னும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சாமணத்தையும் நகவெட்டியையும் கொதிநீரில் 10 நிமிடம் போட்டெடுத்து, ஆறவிட்டுப் பாவியுங்கள்.

கம்பியின் நுனி கன்னத்தில் குத்துகிறது

அடிக்கடி வரும் முறைப்பாடு இதுதான். கம்பி போட்ட முதல் மாதங்களில் அதிகம் வரும். அப்போது போடுவது மெல்லிய நிக்கல் டைட்டேனியம் கம்பி, பெரும்பாலும் 0.014 அங்குலம் அளவில். கோணலாக நின்ற பற்கள் வரிசைக்கு வர வர அவற்றைச் சுற்றிப் போக அவ்வளவு நீளக் கம்பி தேவைப்படாது. மிஞ்சிய நீளம், கடைசிப் பல்லில் ஒட்டியிருக்கும் சிறு உலோகக் குழாய்க்குப் பின்னால் வெளியே வருகிறது. ஆகவே நுனி குத்துவதற்குக் கோளாறுதான் காரணம் என்றில்லை. பல் நகர்ந்திருப்பதாலும் அப்படி வரும்.

முதலில் வெளிச்சம் பிடித்து, குத்துவது எது என்று பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, ஒரு பக்கம் மட்டும் நீண்டு, மறுபக்கம் கம்பி குழாயை விட்டே வெளியேறியிருக்கும். ஒரே பக்கமாக மென்று மென்று கம்பி முழுதாக ஒரு புறம் வழுக்கியிருக்கிறது. முன்பற்களுக்கு நடுவில் கம்பியைச் சாமணத்தால் பிடித்து, நீண்ட பக்கத்துக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். மறுநுனி தன் குழாய்க்குள் நுழையும் வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். இலகுவாக நகர்ந்தால்தான் தொடர வேண்டும். பலம் கொடுத்து இழுத்தால், பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் கழன்றுவிடும்.

இரண்டாவது, இரு பக்கமும் குழாய்க்குள் இருக்க, மிஞ்சிய நுனி மட்டும் குத்தும். இதைப் பென்சிலால் அழுத்தி மடிக்கப் பார்ப்பவர்கள் பலர். நிக்கல் டைட்டேனியம் கம்பி மடிந்தபடி நிற்காது, விட்டதும் பழையபடி நிமிர்ந்துவிடும். இதற்கு மெழுகுதான் வழி. பட்டாணி அளவு மெழுகைக் கிள்ளி, கைச்சூட்டில் உருட்டுங்கள். கம்பியும் பக்கத்துப் பல்லும் இருக்கும் இடத்தைப் பஞ்சாலோ சுத்தமான துணியாலோ நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். மெழுகு நிற்கவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தத் துடைப்பைத்தான். எச்சில் ஈரத்தின் மேல் மெழுகு ஒட்டாது. உலர்ந்ததும் மெழுகை நுனியின் மேல் வைத்து, விரலால் தட்டையாக்கி, கம்பிக்கு மேலும் கீழும் அழுத்திவிடுங்கள். சாப்பிடும்போது கழற்றிவிட்டு, பல் தீட்டிய பிறகு புதிதாக வையுங்கள். தப்பித் தவறி விழுங்கினாலும் ஒன்றும் செய்யாது. மெழுகு இல்லாத இரவில் மென்று மென்மையாக்கிய சீனியில்லாத சுவிங்கம் ஒரு துண்டு தற்காலிகமாக உதவும். மெழுகுவர்த்தியைச் சுரண்டி வைக்காதீர்கள். அது ஒட்டாமல் பொடியாக உதிரும்.

மூன்றாவது, கம்பியைப் பிராக்கெட்டோடு கட்டியிருக்கும் மெல்லிய முறுக்குக் கம்பியின் வால் வெளியே எழும்பி உதட்டைக் கீறும். இது மென்மையான எஃகு, வளைத்தபடி நிற்கும். பென்சிலின் அழிறப்பர் முனையாலோ தேக்கரண்டியின் பின்பக்கத்தாலோ பெரிய கம்பிக்கு அடியில் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது.

வெட்டுவது கடைசி வழி. மெழுகும் நிற்காமல், தூங்கவும் முடியாமல், கிளினிக்குக்கு இரண்டு மூன்று நாள் போக முடியாது என்றால் மட்டும் வெட்டலாம். மெல்லிய கம்பி என்றால்தான் நகவெட்டி வெட்டும். சிகிச்சையின் பின்பாதியில் போடும் தடித்த சதுர எஃகுக் கம்பியில் நகவெட்டி வைத்தால் கம்பி வெட்டுப்படாது, பிராக்கெட்தான் பெயரும். வெட்டுவதற்கு முன் பிள்ளையை நேராக உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் குனியவையுங்கள். மல்லாந்து படுக்க வைக்கவே கூடாது. நுனியைச் சுற்றி மடித்த ஈரத்துணியை வைத்து, வெட்டுப்படும் துண்டு அதில் விழும்படி பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். துண்டு கையில் வந்ததா என்று பார்த்த பிறகே வாயை மூடவிடுங்கள். பல் வைத்தியரிடம் வெட்டிய துண்டைப் பிடித்துக்கொள்ளும் விசேட குறடு இருக்கும். கம்பி போட்ட இடம் தொலைவு என்றால், நுவரெலியா, டிக்கோயா போன்ற அருகிலுள்ள வைத்தியசாலையின் பல் பிரிவில் நுனியை மட்டும் வெட்டித் தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரிய பயணத்தைத் தவிர்க்கலாம்.

பிராக்கெட் கழன்று கம்பியில் ஆடுகிறது

பல்லில் ஒட்டிய பசை விட்டுப்போனாலும், ரப்பர் வளையம் பிடித்திருப்பதால் பிராக்கெட் கம்பியிலேயே தொங்கும். வலிக்காது, அதனால் பிள்ளைகள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பிராக்கெட் இல்லாத பல்லைக் கம்பி நகர்த்தாது. பக்கத்துப் பற்கள் நகர, அது மட்டும் பின்தங்கும். இதை மறைத்து ஆறு வாரம் கழித்துத் தவணைக்குப் போனால், அன்று அதை ஒட்டுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். சில சமயம் தடித்த கம்பியைக் கழற்றி மறுபடியும் மெல்லிய கம்பியிலிருந்து தொடங்க நேரிடும். அதனால் கண்ட அன்றே போனில் சொல்லுங்கள். பயணம் அடுத்த வாரமும் இருக்கலாம்.

அதுவரை பிராக்கெட்டைப் பிடுங்காதீர்கள். அது சுழன்று உதட்டில் இடித்தால், சாமணத்தால் திருப்பி முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவந்து, துடைத்து உலர்த்தி, பக்கத்துப் பிராக்கெட்டோடு சேர்த்து மெழுகால் மூடுங்கள். தானாகக் கழன்று கையில் வந்துவிட்டால் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். சூப்பர் குளூ போன்ற பசைகளால் ஒட்டவே கூடாது. ஈறைப் பொசுக்கும், பிராக்கெட்டும் பிழையான இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கழன்றது கடைசிப் பல்லின் குழாய் என்றால் கதை வேறு. கம்பியின் நுனிக்குப் பிடிமானம் இல்லாமல் அது கன்னத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு பல்லின் நீளத்துக்குக் கம்பியை வெட்டத்தான் வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாளுக்குள் யாராவது ஒரு பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அதே பல்லில் திரும்பத் திரும்பக் கழன்றால், பிள்ளை கடிக்கும்போது மேல் பல் அந்தக் கீழ்ப் பிராக்கெட்டில் இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கீழ்த் தாடையில் இப்படி நிறைய நடக்கும். கடைவாய்ப் பல்லில் சிறு பசை மேடு வைத்துக் கடியை உயர்த்தினால் நின்றுவிடும். இடிக்கவில்லை என்றால் சாப்பாட்டைப் பாருங்கள். காலைத் தேங்காய் ரொட்டியை முன்பல்லால் கடித்து இழுப்பதுதான் நம் வீடுகளில் முதல் காரணமாக இருக்கும். கையால் பிய்த்து, கறியில் ஊறவைத்து, பின்பற்களால் மெல்லட்டும். ரொட்டியை விட வேண்டியதில்லை. பாதையோரம் அவித்து விற்கும் சோளத்தைக் கதிரோடு கடிக்காமல் உதிர்த்துத் தின்னலாம். பேரிக்காய், கொய்யா, கரட் எல்லாவற்றையும் மெல்லியதாகச் சீவித் தின்னலாம். முறுக்கு, வறுத்த கடலை, கரும்பு, எலும்பு கடிப்பது ஆகியவற்றைக் கம்பி இருக்கும் வரை நிறுத்துவதுதான் நல்லது.

கடைவாய்ப் பல்லைச் சுற்றிய உலோக வளையம் ஆடுகிறது

பிராக்கெட் கழன்றதை விட இதற்கு அவசரம் அதிகம். வளையத்துக்கும் பல்லுக்கும் இடையில் பசை கரைந்த இடத்தில் சாப்பாடும் எச்சிலும் தேங்கி, பிரஷ் எட்டாமல், சில வாரங்களில் பல் சொத்தையாகத் தொடங்கும். ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள். அந்த வளையத்திலிருந்து அண்ணத்தின் குறுக்கே ஒரு கம்பி மறுபக்கத்துக்குப் போகிறது, ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது என்றால் அன்றே அல்லது மறுநாளே யாரிடமாவது காட்ட வேண்டும். மறுபக்கமும் விட்டால் முழுக் கம்பியும் தொண்டைக்குள் விழக்கூடும். மறுபக்கம் உறுதியாக இருக்கும்போது வீட்டில் முறுக்கிக் கழற்றப் பார்க்காதீர்கள். இரு பக்கமும் விட்டு, வாயில் சும்மா கிடக்கிறது என்றால் மட்டும் குனிந்த நிலையில் எடுத்துவிடுங்கள்.

ரப்பர் வளையம் விழுந்தது, லாஸ்டிக் அறுந்தது

நிற வளையம் ஒன்று விழுந்து, கம்பி அந்தப் பிராக்கெட்டின் பள்ளத்திலேயே இருந்தால் பொறுத்திருக்கலாம். இரண்டு மூன்று விழுந்து கம்பி வெளியே வளைந்து நின்றால் போன் செய்யுங்கள். மஞ்சள்சோறும் கறியும் தின்று வெளிர்நிற வளையங்கள் மஞ்சளாவது வெறும் சாயம்தான். மேலும் கீழும் பற்களில் நீங்களே மாட்டும் லாஸ்டிக் அறுந்தால் புதிதாக மாட்டுங்கள். விட்ட நேரத்துக்கு ஈடாக இரண்டு சேர்த்து மாட்டக் கூடாது. இரட்டிப்பு இழுவையில் பல் வேகமாகச் சரியாகாது, வேரும் எலும்பும் பாதிக்கப்படலாம். லாஸ்டிக் மாட்டும் கொக்கியே உடைந்தால் அதை நிறுத்திவிட்டு கிளினிக்கில் கேளுங்கள்.

எதையோ விழுங்கிவிட்டது போல இருக்கிறது

வாயில் ஒரு பிராக்கெட்டைக் காணோம், பிள்ளைக்கு இருமல் இல்லை, பேச்சு சரளம், மூச்சு சீர் என்றால், பெரும்பாலும் அது வயிற்றுக்குள் போயிருக்கும். சிறிய பிராக்கெட் சில நாட்களில் மலத்தோடு போய்விடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பேதி மருந்தும் கொடுக்காதீர்கள். வழக்கமான சாப்பாடு போதும். நீண்ட கம்பித் துண்டோ, அண்ணத்துக் கம்பியோ, கழற்றி மாட்டும், கொக்கியுள்ள பிளேட்டின் துண்டோ என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். விழுங்க வலி, நெஞ்சில் குத்து, வயிற்று வலி, வாந்தி, கறுப்பு மலம் எது வந்தாலும் தாமதம் வேண்டாம்.

மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் முதலில் கடுமையாக இருமல் வரும், பிறகு அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். துண்டு ஒரு கிளைக்குழாயில் தங்கிவிட்டாலும் இருமல் அடங்கும். அப்படி ஒரு இருமல் வந்து, துண்டும் கிடைக்கவில்லை என்றால் அன்றே எக்ஸ்ரே தேவை.

இரும முடிந்தால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால், முன்னால் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே 1990க்கு இன்னொருவரைப் பேசச் சொல்லுங்கள்.

கம்பி இறுக்கிய பிறகு பல் வலிக்கிறது

இறுக்கிய சில மணிநேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், மூன்றாம் நாள் குறைந்து, ஒரு வாரத்துக்குள் போய்விடும் வலி வழக்கமானது. எல்லாப் பற்களும் கொஞ்சம் ஆடுவது போலவும், கடித்தால் கூசுவது போலவும் இருக்கும். கஞ்சி, பருப்போடு குழைத்த சோறு, அவித்த கிழங்கு என்று இரண்டு நாள் ஓட்டலாம்.

ஆரம்பத்தில் போடும் கம்பிகளில் ஒரு வகை சூட்டுக்கு ஏற்ப வேலை செய்யும். வாய்ச் சூட்டில் இறுகும், குளிர்ந்தால் இளகும். இத்தகைய கம்பி உள்ளவர் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடித்தால் இழுவை சற்று நேரம் கூடி, வலியும் கூடும். இறுக்கிய அன்று தேநீரை ஆற்றிக் குடித்து, வலி எழும்போது பச்சைத் தண்ணீரை வாயில் கொஞ்சம் வைத்திருந்தால் நல்ல ஆறுதல் கிடைக்கும். நுவரெலியாப் பக்கம் குழாய்த் தண்ணீரே அதற்குப் போதிய குளிர்.

பனடோல் வளர்ந்தவருக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்று அல்லது இரண்டு. குறைந்தது 4 மணிநேர இடைவெளி, 24 மணிநேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வரை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். 30 கிலோ பிள்ளைக்கு முக்கால் மாத்திரை போதும். காய்ச்சலும் இருந்தால் அது கம்பியால் வந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெங்கு இருக்கலாம் என்பதால் இபுபுரூஃபன், அஸ்பிரின் இரண்டையும் தொடவே கூடாது. 16 வயதுக்குக் குறைந்தவருக்கு அஸ்பிரின் எந்நேரமும் ஆகாது. மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைப்பதும், கராம்பு எண்ணெயை நேரடியாக ஊற்றுவதும் ஈறைப் பொசுக்கிப் புண்ணாக்கும்.

ஒரே ஒரு பல் மட்டும் தட்டினால் துடிக்கிறது, இரவில் எழுப்புகிறது, ஒரு வாரம் கடந்தும் குறையவில்லை என்றால் அது வேறு வலி. அந்தப் பல்லின் நரம்பையோ சொத்தையையோ பார்க்க வேண்டும்.

கன்னத்தில், உதட்டில் புண்

கம்பி உரசி வந்த புண், உரசுவதை மெழுகால் மூடினால் ஒரு வாரம் பத்து நாளில் ஆறும். ஒரு தம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, நாளுக்கு 3, 4 முறை கொப்பளித்துத் துப்பட்டும். வெற்றிலை பாக்கு மென்றால் வாய்ப்புண் ஆறும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பாக்கு பிராக்கெட்டைப் பெயர்க்கும் என்பதோடு, வாய்ப் புற்றுநோய்க்கும் நேரடிக் காரணம். 3 வாரம் ஆறாத எந்தப் புண்ணையும், வலி இல்லாவிட்டாலும், வைத்தியர் பார்க்க வேண்டும்.

உதடு முழுதும் தடித்து, வாய்க்குள் பரவலாகச் சிவந்து எரிந்தால், கம்பியிலுள்ள நிக்கலுக்கு ஒவ்வாமை இருக்கலாம். தோடு, மணிக்கூட்டுப் பட்டி பட்டால் அரிக்கும் தோல் உள்ளவர் என்றால் அதையும் சேர்த்து கிளினிக்கில் சொல்லுங்கள். நிக்கல் இல்லாத கம்பிகளும் உண்டு.

ஈறு வீங்கி, தீட்டும்போது இரத்தம் வருகிறது

இரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷை விடுவதால்தான் இது கூடிக்கொண்டே போகிறது. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் படிந்த அழுக்கே காரணம். மென்மையான பிரஷ்ஷை ஈறை நோக்கிச் சாய்த்து, பிராக்கெட்டின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் தனித்தனியாக, புளோரைட் உள்ள பற்பசையால் தீட்டுங்கள். கம்பிக்கு அடியில் குட்டி பிரஷ்ஷை நுழைத்து இழுங்கள். இரண்டு வாரத்தில் இரத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டாலும், ஈறு வளர்ந்து பிராக்கெட்டையே மூடினாலும் காட்டுங்கள். ஒரு பல்லின் ஈறில் மட்டும் சீழ்க்கட்டி தெரிந்தால் ஓரிரு நாளுக்குள் போக வேண்டும்.

விழுந்தோ பந்து பட்டோ பல்லில் அடி

கம்பி உள்ள வாயில் அடிபட்டால், வெளியே வந்த பல் பல சமயம் கீழே விழாது, கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கம்பியிலிருந்து பிரிக்காதீர்கள். வேரைத் தொடாமல், முடிந்தால் விரலால் மெல்ல அதன் குழிக்குள் தள்ளி, மடித்த சுத்தத் துணியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

நிலத்தில் விழுந்துவிட்டால், வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் சில விநாடிகள் பாலிலோ தண்ணீரிலோ காட்டினால் போதும். தேய்க்கக் கூடாது. வேரின் மேலுள்ள மெல்லிய சவ்வு உயிரோடிருந்தால்தான் பல் மறுபடி எலும்போடு பிடிக்கும். அது உலரத் தொடங்கிய முதல் 30 நிமிடமே பொன்னான நேரம். ஒரு மணிநேரம் உலர்ந்து கிடந்தால் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். குழிக்குள் வைக்க முடிந்தால் அங்கேயே வையுங்கள். முடியாவிட்டால் பச்சைப் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். லயத்தில் யாராவது மாடு வைத்திருப்பார்கள், கடையில் பக்கட் பாலும் கிடைக்கும். கரைத்த பால்மா, டின்பால், வெறும் தண்ணீர் இவற்றில் ஊறப்போட வேண்டாம். எதுவும் இல்லையென்றால் பிள்ளை தன் எச்சிலைத் துப்பிய கோப்பையில் பல் கிடக்கட்டும்.

பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே முளைக்கும் நிரந்தரப் பல்லைக் கெடுக்கும்.

பல் விழவில்லை, ஆடுகிறது, பிராக்கெட்டும் கம்பியும் கோணிவிட்டன என்றாலும் அன்றே காட்டுங்கள். கம்பியின் இழுவையை உடனே நிறுத்த வேண்டியிருக்கும். மண்ணில் விழுந்த காயம் என்றால் ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி பற்றியும் வைத்தியசாலையில் கேளுங்கள். மயக்கம், வாந்தி, குழப்பம் இருந்தால் பல்லை மறந்து தலையை முதலில் பார்க்க வேண்டும்.

அண்ணத்தை விரிக்கும் கருவி, எலும்பில் வைத்த திருகாணி

விரிக்கும் கருவியில் ஒரு முறை சாவி திருப்பினால் பெரும்பாலும் 0.25 மி.மீ. விரியும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டு மடங்கு திருப்பாதீர்கள், எத்தனை திருப்ப வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள். சாவியில் நீண்ட நூல் கட்டி, நூலின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு திருப்புவது அவசியம். சாவி வழுக்கித் தொண்டைக்குள் போவதைத் தடுப்பது அந்த நூல்தான். மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி திறப்பது எதிர்பார்த்ததே, பயப்பட வேண்டாம்.

எலும்பில் வைத்த குட்டித் திருகாணி ஆடினால் திரும்ப முறுக்கி இறுக்காதீர்கள். அதில் மாட்டிய ரப்பரைப் பற்றிக் கேட்டுவிட்டு, உப்புநீர் கொப்பளித்து, இரண்டொரு நாளில் காட்டுங்கள்.

கழற்றி மாட்டும் பிளேட், கண்ணாடி போன்ற தட்டு

மலைநாட்டுக் குளிரில் எல்லாவற்றையும் சுடுநீரில் கழுவும் பழக்கத்தால் நிறையப் பிளேட்டுகள் வளைந்துபோகின்றன. பச்சைத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். உடைந்தால் ஒட்டாதீர்கள். ஓரம் கூர்மையாக இருந்தால் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் போங்கள். சிகிச்சை முடிந்த பிறகு பல்லைப் பிடித்துவைக்கும் பிளேட் தொலைந்தால் அதற்கு முந்தியே போங்கள். கம்பி கழற்றிய முதல் மாதங்களில் பற்கள் சில நாளிலேயே பழைய இடம் நோக்கி நகரத் தொடங்கும். படிப்படியாக மாற்றும் கண்ணாடித் தட்டு தொலைந்தால், முந்திய தட்டைப் போட்டுக்கொண்டு கிளினிக்கைக் கேளுங்கள். அதனால்தான் பழைய தட்டை எறியக் கூடாது.

பற்களின் பின்னால் ஒட்டிய மெல்லிய கம்பியின் ஒரு முனை விட்டு நாக்கில் குத்தினால், பல்லோடு ஒட்ட அழுத்தி மெழுகு வையுங்கள். இழுத்தெடுக்க வேண்டாம்.

போனில் எப்படிச் சொல்வது

"பல் கம்பி கழன்றுவிட்டது" என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. மேலா கீழா, பிள்ளையின் வலமா இடமா, நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று சொல்லுங்கள்: "மேல் வலது, நடுவிலிருந்து 5ஆவது, பிராக்கெட் கழன்று கம்பியில் தொங்குகிறது, குத்தவில்லை." படம் கேட்டால், இரண்டு தேக்கரண்டிகளின் பின்பக்கத்தால் கன்னங்களை விலக்கி, இன்னொரு போனின் டோர்ச் வெளிச்சத்தில், பல்லைக் கடித்தபடி முன், வலம், இடம் மூன்றும், வாயைத் திறந்து மேல், கீழ் இரண்டும் எடுங்கள். இந்த ஐந்து படத்தில் வைத்தியர் பயணம் தேவையா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மழையில் பாதை மூடி, தவணை தவறிவிட்டது

மண்சரிவால் பாதையோ ரயிலோ நின்று, தவணை ஒரு மாதம் தள்ளிப்போனால் சாதாரணக் கம்பியால் ஆபத்தில்லை. கம்பி தனக்குக் கொடுத்த வடிவம் வரைதான் இழுக்கும். பற்களை இணைத்து இழுக்கும் ரப்பர் சங்கிலியும் சில வாரங்களில் தன் பலத்தை இழந்துவிடும். கவனிக்க வேண்டியவை நீங்களே வீட்டில் இயக்குபவை. விரிக்கும் கருவியைச் சொன்ன எண்ணிக்கையோடு நிறுத்துங்கள், புதுத் தவணை வரும் வரை ஒரு திருப்பும் கூடாது. பிளேட்டிலுள்ள திருகாணிக்கும் அதே கணக்குத்தான். தினம் மாற்றும் லாஸ்டிக் மட்டும் ஒவ்வொரு நாளும் புதுப் பலத்தோடு இழுக்கும், அளவுக்கு மேலும் இழுத்துவிடும். அதைத் தொடர்வதா, இரவில் மட்டும் போடுவதா, நிறுத்துவதா என்பதைத் தவணை தவறிய வாரமே போனில் கேட்டுவிடுங்கள். கையிருப்பு லாஸ்டிக் பக்கட் ஒன்றுக்குக் குறையும்போதே அதையும் சேர்த்துச் சொன்னால், அந்தப் பக்கம் போய்வரும் ஒருவர் கையில் கொடுத்துவிட முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.